அடைக்கல வீடு

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மனிதன் வாழும் மனையும் வீடு. பற்றுகளை விட்டபின் அவன் எய்தும் பேறும் வீடு. விடுதல் என்னும் வினையோடு உறவுடைய ஒரு சொல், மனிதன் எளிதில் விடமாட்டாத ஒன்றுக்குப் பெயராய் அமைந்தது வியப்புக்குரியது. அத்தகைய வீட்டை அயலார் கையில் ஒப்படைத்துவிட்டுக் கதவைச் சாத்திச் செல்வதும், அயலார் விட்டுச்சென்ற வீட்டினுள் புகுந்து அதனையும் அதில் வாழும் உயிர்களையும் காத்து நிற்பதும் இக்காலத்தில் ஒரு பயண முறையாகவே வளர்ந்துள்ளன.

இதன் நடைமுறை எளியது. மெல்பர்னிலோ லண்டனுக்கு அருகிலோ வாழும் குடும்பம் ஒன்று மூன்று வாரம் வெளியூர் செல்ல விரும்புகிறது. வீட்டில் முதிய நாய் ஒன்றும் பூனைகள் இரண்டும் உள்ளன. அவற்றைக் கூலிக்குக் காக்கும் விலங்குக் காப்பகத்தில் விட மனம் இல்லை. அவ்வேளையில் தொலைநாட்டுத் தம்பதியர் இருவர் வந்து அவ்வீட்டில் தங்குகின்றனர். நாயை உலவ அழைத்துச் செல்கின்றனர், பூனைக்கு மருந்தூட்டுகின்றனர், செடிகளுக்கு நீர் வார்க்கின்றனர், வாயிலில் விழும் கடிதங்களை எடுத்து வைக்கின்றனர். இரு சாராருக்குமிடையே பணம் கைமாறுவதில்லை. ஒரு பக்கம் வாடகையில்லாத உறைவிடம். மறுபக்கம் கூலியில்லாத காவல். 2010-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணம் பெற்றுக்கொண்டு இவ்விரு சாராரையும் இணையத்தின் வழி சேர்த்து வைக்கின்றன. பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவியர் சிலர் ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்கு, ஒரு நாயிடமிருந்து மறுநாயிடம் என்று ஆண்டின் பெரும்பகுதியையும் இவ்வாறே கழிக்கின்றனர்.

தனியாளைக் காட்டிலும் தம்பதியரிடம் வீட்டை ஒப்படைக்க வீட்டார் பலர் விரும்புவதுண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து வரும்போது ஒரு குடும்பமே வந்து குடியேறுகிறது என்னும் நம்பிக்கை அதற்குக் காரணமாகலாம். தமிழும் இந்நம்பிக்கையைத் தன் சொற்களில் பொதிந்து வைத்துள்ளது. மனையை உடையவள் மனைவி. இல்லத்தை ஆள்பவள் இல்லாள். ஆனால் ‘இல்லாள்’ என்பதற்கு இணையாக ‘இல்லான்’ என்று ஓர் ஆண்பாற்சொல்லை அமைத்துப் பார்த்தால், ஏதும் இல்லாதவன் என்னும் பொருளே எஞ்சுகிறது. மொழி செய்யும் இக்கேலியை வகுப்பறையில் கூறாத தமிழாசிரியர் அரியர்.

செய்தி இவ்வளவில் நின்றிருந்தால் அது ஒரு பயணக் குறிப்பாகவே முடிந்திருக்கும். 2022-இல் நிகழ்ந்த ஒன்று அதனை அறநெறி வினாவாக்கிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்ட பயணி ஒருவர் இடைவழியில் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். பயணச் செலவை எவ்வாறு சமாளிக்கிறீர் என்று அதிகாரிகள் வினவினர். முன்னர் அமெரிக்காவில் சில வீடுகளில் பூனைகளைப் பேணி, அதற்கு ஈடாக அங்கே தங்கியதை அவர் மறையாது கூறினார். அது வேலை என்று அதிகாரிகள் முடிவு கட்டினர். வேலை செய்யும் உரிமையில்லாத அனுமதியில் வந்தவர் வேலை செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் வந்த வழியே திருப்பியனுப்பப்பட்டார்.

பூனைக்கு உணவு வைத்தல் வேலையா? வேலையெனின் கூலி எங்கே? கூலி அவ்வீட்டின் கூரைதான் எனின், அக்கூரையின் கீழ்த் தங்கியவர் விருந்தினரா, பணியாளரா? குடிநுழைவு அதிகாரிக்கு அச்சட்டத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன; இரண்டில் ஒன்றில் முத்திரை குத்த வேண்டியது அவர் கடமை. ஆனால் வாழ்க்கையில் அவ்விரண்டுக்கும் இடையே நெடிய வெளி ஒன்று உள்ளது. அவ்வெளிக்குத் தமிழர் முன்பே ஒரு பெயர் இட்டிருந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

அப்பெயர் விருந்து அன்று. விருந்தோம்பலுக்கு விருந்தளிப்பவர் நேரில் இருத்தல் வேண்டும். வந்தவரின் உள்ளம் மலர்வதும் வாடுவதும் வரவேற்பவரின் முகத்தைப் பொறுத்ததென்று வள்ளுவர் கருதினார். வீடு காக்கும் தம்பதியர் நுழையும் வீட்டிலோ முகமே இல்லை. மிதியடியின் கீழ் வைக்கப்பட்ட ஒரு சாவியும் அடுக்களை மேசைமேல் ஒரு குறிப்புத் தாளுமே உள்ளன. முகமில்லாத விருந்தை வள்ளுவர் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

அப்பெயர் அடைக்கலம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு காதையே அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. புகாரிலிருந்து நடந்து வந்த கணவனும் மனைவியும், அறிமுகமற்ற பெருநகரின் புறத்தே தங்க இடமின்றி நிற்கின்றனர். கவுந்தியடிகள் அவர்களை இடைக்குல மூதாட்டி மாதரியிடம் ஒப்படைக்கிறார். மாதரி அவர்களைத் தன் மனைக்கு அழைத்துச் சென்று தனி வீடு ஒன்றில் இருத்துகிறாள். கண்ணகி சமைப்பதற்கு அரிசியும் காய்களும் நெய்யும் தருகிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு வைக்கிறாள். இங்கே வாடகைப் பேச்சு இல்லை. கூலிப் பேச்சும் இல்லை. நடந்தது ஓர் ஒப்படைப்பு. ஒப்படைத்தவர் ஒருவர், ஏற்றவர் ஒருவர், ஒப்படைக்கப்பட்ட உயிர்கள் இரண்டு. பின்னர்க் கோவலன் கொலையுண்டு கண்ணகியும் மதுரையை நீங்கியபின், தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயில் புகுந்து உயிர் துறந்தாள் என்னும் செய்தியை நீர்ப்படைக் காதை கூறுகிறது. அவள் செய்த பிழை யாதுமில்லை. கோவலன் கடைத்தெருவுக்குச் சென்றதும், பொற்கொல்லன் பொய்யுரைத்ததும், மன்னன் ஆராயாது தீர்ப்பளித்ததும் அவள் அறியாமல் நிகழ்ந்தவை. ஆயினும் ஏற்றுக்கொண்ட பொறுப்பை அவள் காரணங்களால் அளக்கவில்லை.

மாதரியின் முடிவை இன்று எவரும் பின்பற்றச் சொல்லார், சொல்லவும் கூடாது. அங்கு நோக்கத்தக்கது, அடைக்கலம் என்பது கூலியையும் வாடகையையும்விடக் கனமான பிணைப்பு என்னும் உண்மையே. கூலி கொடுத்தவுடன் கூலி உறவு தீர்கிறது. வாடகை செலுத்தியவுடன் வாடகை உறவு அம்மாதத்திற்குத் தீர்கிறது. அடைக்கலம் மட்டும் எதனைக் கொடுத்தும் தீர்வதில்லை. வீட்டையும் விலங்கையும் ஏற்றுக் காக்கும் தம்பதியரை விமான நிலையக் கட்டங்களுக்குள் அடக்க முடியாமற் போனதற்கு இதுவே காரணம்.

இவ்வினாவைக் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வைத்து எழுப்பினால் அதன் எடை கூடிவிடுகிறது. சிலாங்கூர் ஆற்றங்கரைக் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளைக் காண, அயல்நாட்டுத் தம்பதியர் இரவில் படகேறுகின்றனர். அவர்கள் வந்த வழியிலும் திரும்பும் வழியிலும் இருபுறமும் செம்பனை நிரைகள். அந்நிரைகளின் நடுவே வாழ்ந்த மக்கள் மூன்று தலைமுறையாய்ப் பிறர் வீடு காத்தவர்கள் என்பதைப் படகுத் துறையில் எவரும் கூறுவதில்லை.

கடல் கடந்து, தம்பதியராய்ச் சென்று, தமதல்லாத வீட்டில் தங்கி, தமதல்லாத உடைமையைக் காத்தல் என்பதே இம்முறையின் இலக்கணம் எனின், அதனை மிக நீண்ட காலம் கடைப்பிடித்தவர்கள் இத்தோட்டத் தமிழரேயாவர். கங்காணியின் சொல்லை நம்பி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கி, தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் காத்திருந்து, பின் தோட்டத்து லயத்தில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் பெற்றனர். உதவி பெற்றுக் கூலி வேலைக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்யும் வரை இவ்வோட்டம் நிற்கவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு வழங்கி, 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரின் அருகே தெனமாரம் என்னும் தோட்டம் உள்ளது. தென்னைமரம் என்னும் தமிழ்ச் சொல்லின் ஒலி அப்பெயரில் இன்றும் கேட்கிறது. 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு அங்கேதான் தொடங்கிற்று. தொடங்கியவர் ஆங்கிலேயர் அல்லர். ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1905-இல் மலாயா வந்த அவர் சிலாங்கூர் ஆற்றையடுத்த ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். அங்கே அவர் வாழ்ந்த மனைக்குப் பனைகளின் இல்லம் என்று பெயர். முதல் உலகப் போர் மூண்டபோது அவர் பிரான்சுக்குத் திரும்பிப் போர்முனையில் நின்றார். 1920-களின் நடுவில் துனீசியாவில் குடியேறினார். மலாயாவை நினைந்து அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. பனைகளின் இல்லம் அதில் அழியாப் புகழ் பெற்றுவிட்டது.

எழுதியவர் தொலைவில் இருந்தார். தோட்டம் மட்டும் இங்கேயே இருந்தது. அதனைக் காத்தவர்களும் இங்கேயே இருந்தனர். இதில் ஃபொக்கோனியே தனியொருவர் அல்லர். மலாயாவின் தோட்டத் துரைமார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாதக்கணக்கில் நீண்ட விடுப்பில் தாய்நாடு செல்வது வழக்கம். துரையும் அவர் துணைவியாரும் கப்பலேறியபின் பங்களாவின் சன்னல்களை நாள்தோறும் திறந்து மூடியவர் யார்? நாய்களுக்கு உணவு வைத்தவர் யார்? குசினிக்காரர், ஆயா, தோட்டக்காரர், இரவெல்லாம் விழித்திருந்த ஜாகா. பெரும்பாலும் கணவன் குசினியிலும் மனைவி ஆயாவாகவும் பணி புரிய, அவர்களும் தம்பதியராகவே பங்களாவின் பின்கட்டில் வாழ்ந்தனர். துரையின் நாய் அவர்கள் குரலுக்கே முதலில் வாலாட்டியிருக்கும். நாய்க்கு உடைமைப் பத்திரம் தெரியாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தோட்டத்தார் கூலி பெற்றனர். இன்றைய தம்பதியர் கூலி பெறுவதில்லை. எனவே இரண்டும் ஒன்றாகா என்று கூறலாம். மறுப்பு நேர்மையானதே. ஆனால் அக்கூலி எதற்கு வழங்கப்பட்டது என்பதைச் சற்றே நுணுகிக் காண வேண்டும். பால் வெட்டியதற்குக் கூலி. களை எடுத்ததற்குக் கூலி. பழக்குலை வெட்டிச் சுமந்ததற்குக் கூலி. லயத்து முற்றத்தைச் சாணமிட்டு மெழுகியதற்குக் கூலி இல்லை. ஒழுகும் கூரைக்கடியில் பாத்திரம் வைத்துப் பிள்ளைகளை உறங்கவைத்ததற்குக் கூலி இல்லை. கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டதற்கும், தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்குச் சூலம் நிறுத்தி ஆண்டுதோறும் படையலிட்டதற்கும் கூலி இல்லை. கறிவேப்பிலைக் கன்றை நடுகிறவர் அது மரமாகும் வரையில் இருக்க எண்ணியே நடுகிறார். சோறு பொங்கும் வீட்டை வீடாக்கிய உழைப்பு எதுவும் செக்ரோலில் ஏறவில்லை.

மேனாட்டு மெய்யியலார் ஜான் லாக், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், ஒன்றோடு தன் உழைப்பைக் கலப்பவனுக்கே அப்பொருள் உரியதாகிறது என்று வாதிட்டார். உடைமைக்கு நியாயம் கற்பிக்க உலகெங்கும் இவ்வாதம் எடுத்தாளப்படுகிறது. அவ்வாதத்தை உரைகல்லாகக் கொண்டால் லயத்து வீடு யாருக்கு உரியது? சட்டம் அதற்கு வேறு விடை வைத்திருந்தது. தோட்டத் தொழிலாளி அவ்வீட்டில் உரிமையாளனும் அல்லன். முறையான வாடகைக் குடியும் அல்லன். வேலை உள்ளவரை இருக்க இசைவு பெற்றவன் மட்டுமே. வேலை போனால் வீடும் போகும். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் அவ்வீடு எத்தகையதாய் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. எவருடையது என்பதில் அது தலையிடவில்லை.

இவ்விடத்தில் நிலையாமையைக் காட்டி ஆறுதல் கூறுவாரும் உளர். வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் ‘துச்சில்’ என்றொரு சொல்லை ஆள்கிறார். ஒதுங்கியிருக்கும் தற்காலிக இடம் என்பது அதன் பொருள். உயிர் உடம்பில் இருப்பதும் அவ்வாறே என்பது குறளின் கருத்து. எல்லா வீடும் துச்சிலே எனின் லயத்து வீட்டுக்காக வருந்துவானேன் என்று கேட்பது எளிது. காந்தியடிகளும் செல்வர் தம் செல்வத்துக்கு அறங்காவலரேயன்றி உரிமையாளர் அல்லர் என்று கூறினார். இவ்விரு கருத்தும் உயர்ந்தவை, ஐயமில்லை. ஆயின் அவை யாரை நோக்கிக் கூறப்பட்டன என்பதே கேள்வி. காந்தியடிகள் உடையவனை நோக்கிக் கூறினார். வீடு உடையவன் தன்னைத் தானே காவலாளன் என்று எண்ணிக்கொள்வது துறவு. அவனே வீடற்றவனைப் பார்த்து உலகம் நிலையாதது என்று போதிப்பது துறவன்று. அதனைச் சுரண்டல் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அடைக்கலத்தின் உண்மை இயல்பு, ஒப்படைத்தவர் மீண்டு வராத காலத்தில்தான் வெளிப்படும். 1942-இன் தொடக்கத்தில் சப்பானியப் படைகள் மலாயாவில் பரவியபோது ஐரோப்பிய நிருவாகிகள் தோட்டங்களை விட்டகன்றனர், பலர் சிறைப்பட்டனர். தொழிலாளர்க்குக் கப்பல் ஏறிச் செல்ல வழி இல்லை. ஆண்கள் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பலர் மீளவே இல்லை. எஞ்சிய பெண்டிரும் முதியோரும் மரவள்ளிக் கிழங்கு நட்டு உண்டு லயங்களில் உயிர் தாங்கினர். 1945-க்குப் பின் கம்பெனிகள் மீண்டு வந்தபோது, தோட்டம் அவர்களுக்குரியதாகவே இருந்தது. அடுப்பணையாமல் லயத்தைக் காத்த பெண்ணுக்குக் கிடைத்தது மீண்டும் ஒரு பேர்ப்பதிவு.

அடுத்து வந்த பதிற்றாண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அத்துண்டாடலுக்கு எதிராகவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளரின் சிறு பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குதல் அதன் நோக்கம். காத்தவரை உடையவராக்கும் எண்ணம் அதில் இருந்தது. மலேசியத் தமிழர் வரலாற்றில் அதற்கிணையான துணிவு அரிது. எனினும் எல்லாத் தோட்டமும் சங்கத்தின் கைக்கு எட்டவில்லை. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர்ச் சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகளும் சாலைகளும் வந்தன. ஒவ்வொரு முறையும் நிலம் கைமாறிற்று. நிலத்தோடு லயமும் கைமாறிற்று. லயத்தில் இருந்தவர் மட்டும் கைமாறும் பட்டியலில் இல்லை.

வட சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்னும் ஐந்து தோட்டங்களின் மக்கள் இதற்குக் கண்கண்ட சான்று. அவர்களுக்குச் சொந்த வீடு தரப்படும் என்று வாக்களிக்கப்பட்டது. 245 குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் அவ்வாக்கைச் சுமந்து காத்திருந்தன. 2023-இல்தான் கூட்டரசின் நிதியோடு அவ்வீடுகளைக் கட்டும் திட்டம் உருப்பெற்றது. இருபத்தைந்தாண்டு என்பது ஒரு பிள்ளை பிறந்து, பள்ளி முடித்து, மணம் செய்துகொள்ளும் காலம்.

வீட்டைப் பற்றியே பேசி விலங்குகளை மறத்தல் தகாது. இன்றைய வீடுகாவல் முறையின் உயிர்நாடியே விலங்கு. அது இல்லையேல் வீட்டைப் பூட்டிவிட்டு எவரும் செல்வர். தோட்டத்து லயங்களின் பின்னும் மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. ஆடும் கோழியும் இருந்தன. நாய் இல்லாத வாசல் அரிது. பால் விற்ற காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எத்தனையோ பேர். தோட்டம் விற்கப்பட்டு மக்கள் நகர்ப்புற மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது, அம்மாடுகள் மின்தூக்கியில் ஏற முடியவில்லை. விற்றவர் விற்றனர், விற்க மனமில்லாதவர் அயலாரிடம் விட்டனர், நாய்கள் வெறும் லயத்தைச் சுற்றி நின்றன. இழப்பீட்டுக் கணக்கில் ஆண்டுகளுக்கும் தலைகளுக்கும் தொகை கண்டனர். தொழுவத்துக்குத் தொகை கண்டவர் யாரையும் கேள்விப்படுவது கடினம்.

அடைக்கலக் காதையிலேயே விலங்கு காக்கும் கதை ஒன்று வருவது தற்செயலன்று. மாடல மறையோன் கோவலனின் பழைய அறச்செயல்களை எடுத்துரைக்கும்போது அதனைக் கூறுகிறான். பார்ப்பனி ஒருத்தி வளர்த்த கீரிப்பிள்ளை, அவள் குழந்தையை நெருங்கிய பாம்பைக் கொன்றது. வாயில் குருதியோடு அவள்முன் வந்து நின்றது. குழந்தையைக் கொன்றதெனக் கருதி அவள் கீரியைக் கொன்றாள். அப்பாவத்துக்கு அஞ்சிக் கணவன் அவளை விட்டு வடதிசை சென்றான். கோவலன் அவள் பழி நீங்கத் தானம் செய்து, பிரிந்த கணவனையும் கொணர்ந்து சேர்த்தான். இக்கதையைப் பதறிச் செய்த காரியம் சிதறும் என்பதற்கே பெரும்பாலும் எடுத்துக்காட்டுவர். அதனினும் ஆழ்ந்த செய்தி ஒன்று அதில் உண்டு. அங்கே வீட்டைக் காத்தது விலங்கு. காத்ததற்கு அது பெற்றது தண்டனை. காவல் செய்த உயிரின் மேல் ஐயம் கொள்வது உடையவர்க்கு எவ்வளவு எளிது என்பதைக் காப்பியம் இரண்டொரு வரிகளில் உணர்த்திச் செல்கிறது.

இனி, எண்ணத்தில் ஓர் இணையரை வைத்துப் பார்க்கலாம். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின் ஆசிரியராகிப் பணி ஓய்வு பெற்றோர் அவர்கள் என்று கொள்வோமாயின், இன்று அவர்கள் மெல்பர்னில் முன்பின் அறியாதார் வீடு ஒன்றைக் காக்கச் செல்வது நடவாததன்று. காலையில் கணவர் நாயை உலவ அழைத்துச் செல்கிறார். மனைவி பிறருடைய தரையைத் துடைக்கிறார். பிறருடைய ரோசாச் செடிக்கு நீர் வார்க்கிறார். அவர் பாட்டியார் துரையின் பங்களாவில் செய்ததும் இதுவேதான். செயலில் வேறுபாடு இல்லை. கை அசையும் முறையிலும் இல்லை. பணம் பெறுதல், பெறாமை என்பதை வேறுபாடாகக் கூறினால், கூலி பெற்ற பாட்டியார் இழிந்தவராகவும் கூலி பெறாத பேத்தி உயர்ந்தவராகவும் ஆகிவிடுவர். அம்முடிவை எந்த அறநூலும் ஏற்காது.

வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. பேத்திக்குத் திரும்பிச் செல்ல ஷா ஆலாமிலோ கிள்ளானிலோ தன் பெயரில் ஒரு கதவு உண்டு. வேண்டாம் என்று மறுத்திருந்தால் அவருக்கு யாதொரு கேடும் இல்லை. பாட்டியார் மறுத்திருந்தால் அன்றிரவே லயத்தை விட்டு இறங்க நேர்ந்திருக்கும். மறுக்க இயலாதவர் காத்ததை உலகம் கடமை என்று பெயரிட்டு மறந்துவிடுகிறது. மறுக்க இயன்றவர் காத்தால் நற்பண்பு என்று பாராட்டுகிறது. பாட்டியாரிடத்தும் அந்நற்பண்பு இருந்திருக்கலாம். நோயுற்ற நாயின் அருகே இரவெல்லாம் அமர்ந்ததைக் கூலிக்குச் செய்ததென்று யார் துணிந்து கூறுவர்? அதனைக் காட்டிக்கொள்ளும் வாய்ப்புத்தான் அவருக்கு அளிக்கப்படவில்லை.

இம்முறையில் சிறியதொரு வழக்கம் உண்டு. தங்கல் முடிந்தபின் வீட்டார் தம்பதியரைப் பற்றி ஒரு கருத்துரை எழுதுவர். தம்பதியரும் வீட்டாரைப் பற்றி எழுதுவர். வீடு தூய்மையாய் இருந்ததா, நாயின் இயல்பை உள்ளவாறு கூறினரா, சொன்ன நாளில் மீண்டனரா என்பன அடுத்து வருவோர் படிக்கும்படி பதிவாகின்றன. துரைமாரும் தாயகம் திரும்புங்கால் குசினிக்காரருக்கும் ஆயாவுக்கும் நற்சான்றுத் தாள் எழுதிக் கொடுப்பதுண்டு. நேர்மையானவர், தூய்மையானவர், நாய்களிடம் அன்புடையவர் என்னும் வகையில் அவை அமையும். பெற்றவருக்கு அவ்வாங்கிலம் படிக்கத் தெரியாது. ஆயினும் அதனைத் தகரப் பெட்டியில் துணிகளுக்கடியில் மடித்து வைத்துக் காப்பர். துரையைப் பற்றி அவர்கள் எழுதித்தர ஒரு தாள் இருந்ததில்லை. எவரும் கேட்டதும் இல்லை. வீட்டை ஒப்படைத்துச் சென்றவர் எத்தகையவர், சொன்ன சொல்லைக் காத்தாரா, காத்தவர்க்கு என்ன விட்டுச் சென்றார் என்பவை அத்தாளில் எழுதப்பட வேண்டியவை. ஐந்து தோட்டங்களின் 245 குடும்பத்தாரிடம் இன்று கேட்டாலும் எழுத அவர்களிடம் நிறையவே இருக்கும்.